மத்திய அலை மௌனமானால் நஷ்டம் யாருக்கு?



2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த இரவு. கடந்த புயல் நகர்ந்து போகாமல் நம் தலைக்கு மேலேயே நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடூர் அணை நிரம்பி, வராக நதி என்று நாம் அழைக்கும் சங்கராபரணி பொங்கியது. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணைக் கரையோரங்களைப் புரட்டிப் போட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் ஏராளம்.

அந்த நாட்களில் திருவக்கரையிலும் வானூரிலும் கோட்டக்குப்பத்திலும் இருந்தவர்களுக்கு ஒன்று தெரியும். மின்சாரம் போனால் முதலில் டி.வி. போகும். பிறகு கையிலுள்ள செல்போனின் சார்ஜ் தீரும். சில மணி நேரத்தில் செல்போன் கோபுரத்தின் பேட்டரியும் தீரும். "அணை உடைந்துவிட்டது" என்று எவனாவது கிளப்பிவிட்டால் அதை நம்புவதா, நம்பாமல் இருப்பதா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழி எங்கே? செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தில் கட்டளை பெற்ற சமுதாயம் நாம். விசாரிக்க வழியே இல்லையென்றால் என்ன செய்வது?

அந்த வழி ஒன்று நம் வீடுகளில் இருந்தது. இரண்டு பேட்டரிக் கட்டைகளில் வாரக்கணக்கில் பேசும் டிரான்சிஸ்டர் பெட்டி! இன்று அது பரணில் கிடக்கிறது. பெட்டி பரணுக்குப் போனதைப் பற்றி மட்டும் இங்கே எழுதவில்லை. அந்தப் பெட்டிக்குப் பேச்சை அனுப்பிய மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் நாடு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டு வருகின்றன. யாரும் நம்மைக் கேட்கவில்லை. நாமும் ஏன் என்று கேட்கவில்லை. இது சரியா?

மத்திய அலை என்றால் என்ன?

சென்னை முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட். திருச்சி 936, 100 கிலோவாட். 1967இல் தொடங்கிய புதுச்சேரி நிலையம் 1215. இந்த எண்களைக் கேட்டதும் நம் பெரியவர்களுக்குக் காதில் செய்தி வாசிப்பவர் குரல் ஒலிக்கும். இளைஞர்களுக்கு இவை வெறும் எண்கள். எனவே சற்று விளக்கமாகவே சொல்வோம்.

வானொலியில் குரலை ஏற்றிச் செல்ல ஓர் ஊர்தி அலை வேண்டும். அந்த அலையின் உயரத்தைக் குரலுக்கேற்பக் கூட்டிக் குறைத்து அனுப்புவது ஏ.எம். முறை. உயரத்தை விட்டுவிட்டு அலையின் அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைப்பது எஃப்.எம். முறை. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். கோபுரத்தின் உயரம் எவ்வளவோ அதற்கேற்ற தூரம்தான். செஞ்சி மலை குறுக்கே நின்றால் மலைக்குப் பின்னால் நிழல் விழும். மத்திய அலையோ தரையைத் தழுவிக்கொண்டே போகும். மேட்டையும் பள்ளத்தையும் கடந்து போகும். உப்புக் கடலின் மேல் இன்னும் சுலபமாகப் போகும். மரக்காணத்திலிருந்து படகேறிப் போன மீனவருக்குக் கரையிலுள்ள எஃப்.எம். மங்கிய பிறகும் மத்திய அலை கேட்கும்.

இரவானால் இன்னொரு அதிசயம். பகலில் வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று இந்த அலைகளை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அலைகள் மேலே சென்று திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி விழும். வீட்டில் ஒரு சாதாரணப் பெட்டியைத் திருகினால் கடல் கடந்த ஊரின் குரல் கேட்டது இதனால்தான். இலங்கை வானொலியின் தமிழ் நிகழ்ச்சிகளையும் முஸ்லிம் நிகழ்ச்சிகளையும் நம் கடற்கரை ஊர்களின் பெரியவர்கள் கேட்டு வளர்ந்தார்கள். கடவுச்சீட்டும் கட்டணமும் இல்லாமல் கடல் தாண்டி வந்த குரல் அது!

நோய்கள் என்னென்ன?

மத்திய அலைக்கு நோயே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. நோய் உண்டு. அதை மறைத்துப் பேசினால் எதிர்வாதம் செய்பவன் ஜெயித்துவிடுவான்.

முதல் நோய், மின்செலவு. குரல் ஏற்றாத வெறும் ஊர்தி அலைக்கும் மின்சாரம் வேண்டும். குரல் முழு அளவில் ஏறும்போதுகூட வெளியேறும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஊர்தி அலைக்கே போய்விடும். 200 கிலோவாட் நிலையத்தின் மின்கட்டணம் எவ்வளவு வரும் என்று கடை நடத்தும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, நிலம். 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். அதில் கால்பங்கு உயரக் கோபுரம் என்றால் நூறு மீட்டருக்கு மேல். கோபுரத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் நாலாபுறமும் செப்புக் கம்பிகள் பதிக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் இடம் தேவை. நகரம் வளர வளர அந்த இடத்தின் விலையும் ஏறும். விலை ஏறினால் கண்களும் உறுத்தும்!

மூன்றாவது, இரைச்சல். இதில் நம் வணிகச் சகோதரர்களுக்கும் பங்கு உண்டு. அதைப் பின்னால் பேசுவோம்.

நான்காவது, ஒலித்தரம். 1975ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டு ஏற்பாட்டின்படி நம் பகுதி நாடுகளில் மத்திய அலை நிலையங்களுக்கு 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளிதான். எஃப்.எம். நிலையத்துக்குக் கிடைப்பதோ 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். ஒற்றையடிப் பாதையில் போகும் வண்டியும் நாற்கரச் சாலையில் போகும் வண்டியும் ஒன்றாகுமா? பாட்டுக்கு எஃப்.எம். இனிமை என்பது உண்மை. ஆனால் புயல் எச்சரிக்கைக்கு இனிமை எதற்கு? கேட்டால் போதும்!

டிஜிட்டல் மருந்து ஏன் பலிக்கவில்லை?

நோய் தெரிந்த அரசு மருந்தும் வாங்கியது. டி.ஆர்.எம். என்னும் டிஜிட்டல் முறையைப் பிரசார் பாரதி தேர்ந்தெடுத்தது. நாடெங்கும் 30க்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் அதற்கான டிரான்ஸ்மிட்டர்கள் வைக்கப்பட்டன. அதே அலைவரிசையில் தெளிவான ஒலி, ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள், குறைந்த மின்சாரம். குறை சொல்ல முடியாத திட்டம்.

ஆனால் அதைக் கேட்கும் பெட்டி எங்கே? திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு டி.ஆர்.எம். ரேடியோ கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். சில கார் நிறுவனங்கள் தங்கள் கார்களில் பொருத்தித் தருகின்றன. கார் வாங்கியவனுக்குக் கிடைத்தது. கல்குவாரியில் கல் உடைப்பவனுக்கும் களத்தில் நிற்பவனுக்கும் கிடைக்கவில்லை. டிரான்ஸ்மிட்டருக்குக் கோடிகளைச் செலவிட்ட அரசு, ஏழை வாங்கும் விலையில் பெட்டி கிடைக்க என்ன செய்தது? கடை திறந்துவிட்டு வாடிக்கையாளர் வரும் பாதையை அடைத்து வைத்தால் வியாபாரம் நடக்குமா? பிறகு "கேட்பார் யாருமில்லை, மூடுகிறோம்" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

மூடியதற்குப் பதிலாக எஃப்.எம். தருகிறோம் என்கிறார்கள். 2023 ஏப்ரல் 28இல் பிரதமர் ஒரே நாளில் 91 எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்களைத் திறந்து வைத்தார். ஒவ்வொன்றும் 100 வாட்! 100 வாட் சில வட்டாரங்களுக்கு உதவும், வரவேற்போம். ஆனால் 100 கிலோவாட் செய்த வேலையை 100 வாட் செய்யுமா? திருவக்கரை புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். புதுச்சேரியின் எஃப்.எம். இங்கே கேட்கும். கல்வராயன் மலைக்கிராமத்துக்கும் ஆழ்கடல் படகுக்கும் என்ன பதில்? நமக்குக் கேட்கிறது என்பதற்காக அவர்களை மறந்துவிடலாமா?

அதே 2023 மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அகில இந்திய வானொலி என்ற பெயரைக் கைவிட்டு "ஆகாசவாணி" என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. தமிழகத்தில் எதிர்ப்பும் எழுந்தது. பெயர்ப்பலகையை மாற்றக் காட்டிய அவசரத்தில் பாதியையாவது பெட்டி கிடைக்கச் செய்வதில் காட்டியிருக்கலாமே!

உலகம் எங்கே போகிறது?

ஐரோப்பாவில் ஜெர்மனியின் பொது ஒலிபரப்பு நிலையங்கள் 2015க்குள் மத்திய அலையைக் கைவிட்டன. பிரிட்டனில் நம் புதுச்சேரி நிலையத்தின் அதே 1215 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய தனியார் நிலையம் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. 1941 முதல் ஒலித்த பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30இல் சிற்றலையில் விடைபெற்றது. இவற்றைக் காட்டி "உலகமே மூடுகிறது" என்பார்கள்.

ஆனால் பணக்கார அமெரிக்காவைப் பாருங்கள். மின்சாரக் கார்களின் மோட்டார் ஏ.எம். அலையில் இரைச்சல் உண்டாக்குவதால் சில நிறுவனங்கள் கார்களிலிருந்து ஏ.எம். ரேடியோவையே எடுக்கத் தொடங்கின. உடனே எதிர்ப்பு கிளம்பியது. அவசர கால மேலாண்மை அமைப்பின் முன்னாள் தலைவர்களே எழுதினார்கள். அந்நாட்டின் அவசர எச்சரிக்கை ஏற்பாட்டில் பேரிடரிலும் பேசும்படி பலப்படுத்தப்பட்ட 77 வானொலி நிலையங்கள் இருக்கின்றன. மக்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோரை அவை எட்டும். அவற்றில் பெரும்பாலானவை ஏ.எம். நிலையங்கள். 2023 மே மாதத்தில் ஃபோர்டு நிறுவனம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. எல்லாக் கார்களிலும் ஏ.எம். இருக்க வேண்டும் என்று கட்சி வேறுபாடில்லாமல் மசோதாவும் கொண்டுவந்தார்கள். கையில் எல்லா வசதியும் வைத்திருப்பவனே பழைய விளக்கை அணைக்கத் தயங்குகிறான். புயல் பாதையில் குடியிருக்கும் நாம் சத்தமில்லாமல் அணைய விடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இனி இளைஞர்கள் கூர்ந்து படிக்க வேண்டிய பகுதி.

1995 பிப்ரவரி 9இல் உச்ச நீதிமன்றம் ஒரு வரலாற்றுத் தீர்ப்பு வழங்கியது. மேற்கு வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கு அது. வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று நீதிமன்றம் அறுதியிட்டுச் சொன்னது. அரசின் தனிச்சொத்தும் அல்ல, பணம் படைத்தவனின் சொத்தும் அல்ல. ஊர்ப் பொதுக் குளத்தை மூட வேண்டுமென்றால் ஊரைக் கேட்க வேண்டாமா?

1990இல் இயற்றி 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதி சட்டத்தின் 12ஆவது பிரிவைப் படியுங்கள். பொருத்தமான தொழில்நுட்பத்தைத் தேர்ந்து எங்கும் எட்டும்படி ஒலிபரப்புவது அந்த அமைப்பின் கடமைகளில் ஒன்று. சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் தனித்தேவைகளை எண்ணி நிகழ்ச்சி வழங்குவதும் அதே பிரிவில் வருகிறது. நாம் சலுகை கேட்கவில்லை. சட்டத்தில் எழுதியிருப்பதைக் கேட்கிறோம்!

மறுபக்கம் பாருங்கள். தனியார் வானொலிக்கு அரசு எஃப்.எம். கதவை மட்டுமே திறந்தது. மத்திய அலையில் தனியாருக்கு இடமே தரவில்லை. அந்த எஃப்.எம். நிலையங்களும் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அரசு வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். டி.வி.யில் இருபத்து நான்கு மணி நேரமும் நம் சமுதாயத்தைக் கூண்டிலேற்றி விவாதம் நடத்த அனுமதி உண்டு. வானொலியில் ஓர் ஊர்ச் செய்தி சொல்ல அனுமதி இல்லை! இந்த முரண்பாட்டை எத்தனை பேர் கேட்டோம்?

ஆக, வானொலிச் செய்தி என்றாலே அரசு வானொலிதான். அதிலும் தூரம் எட்டும் மத்திய அலையை நிறுத்தினால், செல்போனும் இணையமும் வாங்க முடியாத ஏழைக்குச் செய்தியே இல்லை என்று ஆகிறது. நாம் அரசு வானொலியைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் குறை சொல்லிக் திருத்துவதற்கு அது உயிரோடு இருக்க வேண்டாமா?

திறந்திருக்கும் ஒரு கதவு

2006இல் வந்த கொள்கையின்படி லாப நோக்கமற்ற அமைப்புகள் சமுதாய வானொலி நடத்த உரிமம் கேட்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு அதற்கு முன்பே வழி பிறந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரியில் தொடங்கியது. காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் புதுவை வாணியை நடத்துகிறது. பாம்பனில் மீனவர்களுக்காக 2016இல் கடல் ஓசை வந்தது.

வரம்புகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆற்றல் பொதுவாக 100 வாட். கோபுரம் 30 மீட்டர். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் இருக்க வேண்டும். அரசியல் கட்சிகளும் அவற்றின் துணை அமைப்புகளும் உரிமம் கேட்க முடியாது. எனவே நம்மைப் போன்ற இயக்கங்கள் விண்ணப்பிக்க இயலாது. அதற்காக வருந்த வேண்டியதில்லை. நம் சமுதாயத்தில் கல்லூரிகளும் கல்வி அறக்கட்டளைகளும் எத்தனை உள்ளன! பட்டமளிப்பு விழாவுக்கும் ஆண்டு மலருக்கும் செலவிடும் பெருமக்கள், ஊர் முழுவதற்கும் பயன்படும் ஒரு சிறு நிலையத்தைப் பற்றி ஏன் எண்ணக் கூடாது? நெல் விலை, வேலைவாய்ப்பு, அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் முறை, தேர்வு வழிகாட்டல், புயல் எச்சரிக்கை என்று எல்லாச் சமுதாயத்தாரும் கேட்கும் நிலையமாக அது இருக்க வேண்டும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதும் மார்க்கம்தானே!

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். சமுதாய வானொலி ஊர்க் கிணறு. மத்திய அலை பெரிய ஆறு. கிணறு வெட்டினோம் என்பதற்காக ஆற்றைத் தூர்த்துவிடக் கூடாது.

வணிகச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை

இரைச்சலைப் பற்றிப் பின்னால் பேசுவோம் என்றோமே, இதோ. ஏ.எம். முறையில் குரல் அலையின் உயரத்தில் இருக்கிறது. பக்கத்தில் தோன்றும் ஒவ்வொரு மின்பொறியும் அந்த உயரத்தோடு சேர்ந்துகொள்ளும். முன்பு மிக்ஸி ஓடும்போது மட்டும் கரகரத்தது. இன்று மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகின்றன. அந்த வெட்டு வெளியே கசியாமல் தடுக்கச் சுருள், கெப்பாசிட்டர் என்று சில ரூபாய்ப் பாகங்கள் உள்ளே இருக்க வேண்டும். விலையைக் குறைக்கத் தயாரிப்பாளர் கை வைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அந்தப் பல்பையும் சார்ஜரையும் விற்பவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! மூர் மார்க்கெட்டிலும் பர்மா பஜாரிலும் ரேடியோவும் டேப் ரிக்கார்டரும் விற்றே குடும்பத்தைக் கரையேற்றிய தலைமுறை நமது. குறையுள்ள சரக்கின் குறையைச் சொல்லி விற்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் வழிவந்தவர்கள் நாம். சரக்கு எடுக்கும்போதே இரைச்சல் தடுப்பு இருக்கிறதா என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு டிரான்சிஸ்டரை மத்திய அலையில் வைத்துப் பல்புக்கு அருகே கொண்டு செல்லுங்கள். கரகரப்பு எழும் பல்பைத் திருப்பி அனுப்புங்கள். பத்துக் கடைக்காரர்கள் திருப்பினால் பதினோராவது லாரியில் நல்ல சரக்கு வரும்.

என்ன செய்ய வேண்டும்?

அரசிடம் நாம் கேட்பவை இவை: எந்த மத்திய அலை டிரான்ஸ்மிட்டரையும் மூடும் முன்பு அந்தப் பகுதி மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். மாற்று ஒலிபரப்பு மலைக்கிராமத்திலும் கடலிலும் எட்டுகிறதா என்று அளந்து அறிக்கை வெளியிட வேண்டும். கடலோர மாவட்டங்களுக்குக் குறைந்தது ஒரு பெரும் ஆற்றல் நிலையமாவது தன் ஜெனரேட்டருடன் புயல் காலத்தில் இரவு பகலாக இயங்க வேண்டும். டிஜிட்டல் பெட்டி ஏழை வாங்கும் விலைக்கு வரும்வரை பழைய ஒலிபரப்பும் தொடர வேண்டும்.

இளைஞர்களே, உங்கள் பங்கு என்ன? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் பிரசார் பாரதிக்கு ஒரு மனு எழுதுங்கள். சென்னை, திருச்சி, புதுச்சேரி மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோவாட்டில் இயங்குகின்றன? ஃபெஞ்சல் புயலின்போது எத்தனை மணி நேரம் தடைபட்டன? மூடும் திட்டம் உண்டா? கடைசியாக எப்போது மக்களிடம் கணக்கெடுத்தீர்கள்? முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதிலை மஹல்லா பலகையில் ஒட்டுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கையில் கொடுங்கள்.

பரணிலுள்ள பெட்டியை இறக்கித் துடைத்துப் பேட்டரி போடுங்கள். குரல் மங்கினால் பெட்டியை மெல்லத் திருப்புங்கள். உள்ளிருக்கும் கம்பிச்சுருள் ஒரு திசையில் நன்றாக வாங்கும், இன்னொரு திசையில் வாங்காது. நிகழ்ச்சி நன்றாக இருந்தால் பாராட்டியும், நம்மைப் புறக்கணித்தால் கண்டித்தும் நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதம் வராத நிலையத்தைத்தான் "கேட்பார் இல்லை" என்று கணக்கில் எழுதுவார்கள்.

திருவக்கரையில் கல்மரங்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் காற்றில் அசைந்த மரங்கள் இன்று வேலிக்குள் கல்லாய்க் கிடக்கின்றன, பார்த்துவிட்டு வருகிறோம். நம் வானொலியும் நாளை காட்சிச்சாலையில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டும் பொருளாகிவிட வேண்டுமா? அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு அதிக நாளில்லை சகோதரர்களே! அதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்போம். செய்ய வேண்டியதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளுக்குத் துணை நிற்பானாக!